மனுஷ மருந்து மாட்டுக்கும் நாய்க்கும் ஆகுமா?

(வானொலிப் பேச்சு)

இன்றைக்கு நாம் பேசப் போவது எல்லார் வீட்டிலும் நடக்கிற ஒரு சங்கதி. களத்துக்குக் காவலாக இருந்த நாய் வயசாகிப் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. எலி பிடித்துக் கொண்டிருந்த பூனை தீனி எடுக்காமல் மூலையில் முடங்கிக் கிடக்கிறது. கறவை மாட்டுக்கு முழங்காலில் ஒரு வீக்கம். ஆறு மாசமாக வருவதும் போவதுமாக இருக்கிறது. கால்நடை மருந்தகமோ கொஞ்சம் தூரம். வீட்டில் பெரியவருக்கு வாங்கின வலி மாத்திரை அட்டையில் பாதி மிச்சம் இருக்கிறது. "அவருக்குக் கேட்டது, இந்த வாயில்லா ஜீவனுக்கும் கேட்காதா? ஒன்று கொடுத்துத்தான் பார்ப்போமே" என்று தோன்றும்.

இரக்கத்தினால் வருகிற யோசனைதான். அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஒரு மாத்திரையால் பூனை ஒரே ராத்திரியில் செத்துப் போகலாம். நாயின் சிறுநீரகம் கெட்டுப் போகலாம். மாடு அசை போடுவதை நிறுத்தி விடலாம். ஏன் இப்படி, எந்த மருந்து எந்தப் பிராணிக்கு ஆகாது, நாள்பட்ட நோய் வந்தால் நாம் என்னதான் செய்வது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மருந்து ஒன்று, உடம்பு வேறு

உடம்புக்குள் போன மருந்து அப்படியே தங்கி விடுவதில்லை. கல்லீரல் அதை உடைக்கும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். இந்த வேலை மனுஷன் உடம்பில் ஒரு வேகத்தில் நடக்கும். மாட்டின் உடம்பில் வேறு வேகத்தில், பூனையின் உடம்பில் இன்னொரு வேகத்தில் நடக்கும்.

ஆஸ்பிரினையே எடுத்துக் கொள்ளுங்கள். மாட்டின் ரத்தத்தில் சேர்ந்த ஆஸ்பிரின் சுமார் அரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து விடும். நாய்க்கு இதற்குச் சுமார் எட்டு மணி நேரம் பிடிக்கும். பூனைக்கு ஒன்றரை நாள் ஆகும். மருந்து ஒன்றுதான், கழிகிற வேகத்தில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். பூனைக்குத் தினம் ஒரு துண்டு என்று கொடுத்தால், நேற்றுக் கொடுத்தது கழிவதற்குள் இன்றையது சேரும், நாளைக்கு இன்னும் சேரும். மூன்றாம் நாள் அது மருந்தாக இருக்காது, விஷமாகி இருக்கும்.

"எடைக்குத் தக்கபடி குறைத்துக் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். குழந்தைக்குப் பாதி, பெரியவருக்கு முழுசு என்கிற கணக்கு மனுஷருக்குள்தான் செல்லும். தைராய்டு சுரப்பு குறைந்து போன நாய்க்கு, மனுஷருக்குக் கொடுக்கிற அதே தைராக்சின் மருந்தைத்தான் கால்நடை டாக்டர் கொடுக்கிறார். ஆனால் கிலோ எடைக்கு மனுஷரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் தேவைப்படும். அங்கே பத்து மடங்கு அதிகம் வேண்டும். வேறொரு மருந்தில் இம்மியும் கூடாது. இதை நாம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

பூனைக்குப் பாராசிட்டமால் எமன்

காய்ச்சல், தலைவலி என்றால் நாம் முதலில் கையில் எடுக்கிற மாத்திரை பாராசிட்டமால். குரோசின், டோலோ என்று பல பெயர்களில் வருவது இதுதான். பச்சைக் குழந்தைக்கே இதைச் சொட்டு மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆகவே இதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்து விடுகிறோம்.

பூனையின் கல்லீரலுக்கு இந்த மருந்தைப் பக்குவமாக மாற்றி வெளியே தள்ளுகிற சக்தி மிகமிகக் குறைவு. அதனால் அது உள்ளேயே தங்கி நஞ்சாக மாறும். அந்த நஞ்சு ரத்தத்தின் சிவப்பு அணுக்களைக் கெடுக்கும். கெட்ட ரத்தம் காற்றைச் சுமக்காது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். மூச்சு வாங்கும். சிறுநீர் கருத்துப் போகும்.

அறுபது கிலோ மனுஷர் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டால் கிலோவுக்கு எட்டு மில்லிகிராம் ஆகிறது. பூனைக்குக் கிலோவுக்குப் பத்து மில்லிகிராமிலேயே விஷக்குறி கண்டிருக்கிறது. மூன்று கிலோ பூனைக்குப் பாதி மாத்திரை கொடுத்தால் கிலோவுக்கு எண்பது மில்லிகிராமைத் தாண்டி விடும். அந்த அரை மாத்திரையே அதைக் கொல்லப் போதும். ஆகவே பூனைக்குப் பாராசிட்டமால் கால் துண்டு கூடக் கொடுக்காதீர்கள். சளி, இருமல் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அவையும் வேண்டாம்.

நாய் இதைப் பூனையை விடக் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் அளவு மீறினால் அதன் கல்லீரல் கெடும்.

நாய்க்கு வலி மாத்திரை

வயசான நாய்க்கு மூட்டு வலி வருவது சகஜம். இதற்குப் பலரும் தேடுவது புரூஃபென், காம்பிஃபிளாம், வோவரான் போன்ற மாத்திரைகளை. இவற்றில் இருப்பது ஐபுபுரோஃபென் அல்லது டைக்ளோஃபினாக். காம்பிஃபிளாமில் ஐபுபுரோஃபெனோடு பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த வகை மருந்து வலியைக் குறைக்கும்போதே, வயிற்றின் உள்தோலைக் காக்கிற சத்தையும் குறைத்து விடும். சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையும் குறைக்கும். நாய் இதை நம்மைப் போலத் தாங்காது. பதினைந்து கிலோ நாய்க்கு 400 மில்லிகிராம் ஐபுபுரோஃபென் ஒன்று கொடுத்தாலே வாந்தியும் வயிற்றுப் புண்ணும் வர இடம் உண்டு. அதை விடக் குறைந்த அளவைக் கூடத் தினமும் கொடுத்து வந்தால் குடலில் புண் விழுந்து, மலம் தாரைப் போலக் கருப்பாகப் போகும். அது உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கு அடையாளம்.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நாள்பட்ட நோய்க்கு நாள்பட்ட மருந்து. ஒரு வேளைக்குத் தாங்கின மருந்து முப்பது நாளைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. "நேற்றுக் கொடுத்தேன், நல்லா ஓடுச்சு, ஒண்ணும் ஆகலை" என்று அடுத்த நாளும் கொடுப்பதில்தான் கேடு இருக்கிறது. கெடுதல் உள்ளே சேர்ந்து கொண்டே போகும், வெளியே தெரியாது. தெரிகிற நாளில் சிறுநீரகம் பெரும்பகுதி போயிருக்கும்.

இன்னொன்று. வலி என்பது நோய் அல்ல, நோயின் குரல். குரலை அடக்கினால் நோய் போய் விடாது. நம் ஊர் நாய்களுக்கு உண்ணியால் வருகிற காய்ச்சல் அதிகம். அந்தக் காய்ச்சலிலும் நாய் நொண்டும். மூட்டு வலி போலவே தெரியும். ஆனால் அதில் ரத்தம் உறைய உதவும் அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நாய்க்கு ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ கொடுத்தால் மூக்கிலும் குடலிலும் ரத்தப் போக்கு கூடும். வேண்டியது உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து. நாம் கொடுத்ததோ அதைக் கெடுக்கிற மருந்து.

மாட்டின் முழங்கால் வீக்கமும் அப்படித்தான். கடினமான தரையில் படுத்து எழுவதால் வரலாம். புருசெல்லோசிஸ் என்கிற கன்று வீச்சு நோயாலும் வரலாம். அந்த நோய் காய்ச்சாத பால் மூலமாகவும், கன்று வீசிய மாட்டைத் தொட்டுக் கவனிப்பதாலும் மனுஷருக்கே தொற்றும். வலி மருந்து கொடுத்து வீக்கத்தை மறைத்தால், நோய் மாட்டிலிருந்து வீட்டுக்குள் வர வழி விட்டது போல ஆகி விடும்.

பூசுகிற மருந்தும் மருந்துதான்

"உள்ளுக்குக் கொடுக்கலை, மேலேதான் பூசினேன்" என்பார்கள். நாயும் பூனையும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணிகள். பூசினதில் பாதி வாய் வழியாக உள்ளே போய் விடும். மூட்டு வலிக்கு நாம் பூசிக் கொள்கிற களிம்பைப் பூசின கையால் பூனையைத் தடவினாலும் அதேதான். நம் வீட்டார் தங்களுக்குப் பூசிக் கொண்ட ஒரு வலி மருந்து பட்டுப் பூனைகள் நோயுற்றதையும் செத்ததையும் பற்றி 2015-ல் அமெரிக்க நாட்டு மருந்துத் துறை மக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது. அந்தப் பூனைகளுக்கு யாரும் மருந்து கொடுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சொறி சிரங்குக்கு மனுஷர் பூசுகிற பெர்மெத்ரின் மருந்து இருக்கிறது. நாய்களின் உண்ணி மருந்துகளிலும் அது உண்டு; நாய் தாங்கும். பூனைக்கு அது பட்டால் உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து சாகலாம். நாய்க்கு உண்ணி மருந்து போட்டால், அது காயும் வரை பூனையை அதன் பக்கத்தில் படுக்க விடாதீர்கள்.

அரிப்புக்கென்று விற்கிற ஸ்டீராய்டு களிம்பும் மாத்திரையும் இன்னொரு ஆபத்து. இரண்டே நாளில் அரிப்பு நின்று விடும். "கை கண்ட மருந்து" என்று சொல்லத் தோன்றும். அரிப்புக்குக் காரணம் தோலுக்குள் இருக்கிற சொறிப்பூச்சியாக இருந்தால், ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துப் பூச்சி பெருகத்தான் வழி செய்யும். சினை மாட்டுக்கு, அதிலும் சினை முற்றிய மாட்டுக்கு, ஸ்டீராய்டு ஊசி போட்டால் கன்று முன்கூட்டியே விழுந்து விடலாம். ஊசி போட வருகிறவர் யாராக இருந்தாலும், "மாடு சினை" என்று முதலில் சொல்லி விடுங்கள்.

அசை போடும் வயிறு

மாடு, எருமை, ஆடு இவற்றின் பெருவயிறு ஒரு பெரிய புளிப்புத் தொட்டி மாதிரி. வளர்ந்த மாட்டுக்கு அதில் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். வைக்கோலையும் தட்டையையும் மாடு தானாகச் செரிப்பதில்லை. அந்தத் தொட்டியில் வாழ்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன. ஒரு மில்லி லிட்டர் நீரிலேயே அவை பல நூறு கோடி இருக்கும்.

மடிநோய் விட்டு விட்டு வருகிறது என்று, மனுஷருக்கான ஆன்டிபயாடிக் கேப்சூலை வாழைப்பழத்திலோ உருண்டையிலோ வைத்து மாட்டுக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. அந்த மருந்து மடிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே பெருவயிற்றில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்களைத் தாக்கும். மாடு தீனியை வெறுக்கும், அசை போடாது, வயிறு உப்பும் அல்லது கழியும். மடிநோய் குணமாகி இருக்காது. பால் மட்டும் குறைந்திருக்கும். வளர்ந்த மாட்டுக்கு ஆன்டிபயாடிக்கை ஊசியாகவும் மடிக்காம்பு வழியாகவும் டாக்டர் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முயல் வளர்க்கிறவர்களும் கேட்டுக் கொள்ளுங்கள். முயலுக்கு வாய் வழியாகப் பெனிசிலின், அமாக்சிசிலின் கொடுத்தால் குடல் கெட்டுக் கழிந்தே செத்துப் போகும்.

அரைகுறையாக இரண்டு நாள் கொடுத்து நிறுத்துகிற ஆன்டிபயாடிக்கால் இன்னொரு நஷ்டமும் உண்டு. சாகாமல் தப்பின கிருமி அடுத்த தடவை அதே மருந்துக்கு மசியாது. அந்தக் கிருமி தொழுவத்திலிருந்து வீட்டுக்கும் வரும்.

பாலும் முட்டையும் யார் குடிக்கிறார்கள்?

நாய்க்குக் கொடுத்த மருந்து நாயோடு போயிற்று. கறவைக்குக் கொடுத்த மருந்து பாலில் வரும். கோழிக்குக் கொடுத்தது முட்டையில் வரும். அதைக் குடிப்பதும் தின்பதும் நம் பிள்ளைகள்தான். பெனிசிலின் ஒத்துக் கொள்ளாத ஒருவருக்கு அந்தப் பாலே ஆபத்தாகலாம். ஆன்டிபயாடிக் கலந்த பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது என்பது பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள்.

இதற்காகவே கால்நடை மருந்துப் புட்டியில், எத்தனை நாள் பாலையும் முட்டையையும் விலக்க வேண்டும், எத்தனை நாள் கழித்துக் கறிக்கு அறுக்கலாம் என்று அச்சிட வேண்டும் என்பது விதி. நாள் குறிப்பிடாத மருந்தானால் பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் என்று 2012-ல் இந்திய அரசு விதியில் சேர்த்தது. மனுஷ மருந்து அட்டையில் இந்தக் கணக்கு இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது கறவைக்காகச் செய்த மருந்து அல்லவே.

கழுகு இனத்துக்கு வந்த கேடு

வீட்டுக்கும் தொழுவத்துக்கும் வெளியேயும் இந்தக் கேடு போயிருக்கிறது. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்கிற பாறுக் கழுகை நம்மில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வானத்தில் கூட்டம் கூட்டமாக வட்டமிடும். 1990-களில் அவை நாடு முழுக்கத் திடீரென்று குறைய ஆரம்பித்தன. வெண்முதுகுப் பாறு என்கிற இனம் 1992-ல் ஆயிரம் இருந்த கணக்குக்கு 2007-ல் ஒன்றுதான் மிஞ்சியது.

காரணம் என்ன என்று பல வருஷம் தெரியவில்லை. 2004-ல்தான் விடை வெளிவந்தது. அது டைக்ளோஃபினாக். வயசான மாட்டுக்கும் நொண்டுகிற எருதுக்கும் கடைசி நாட்களில் வலி தீர இந்த ஊசியைப் போட்டார்கள். மாடு செத்ததும் பிணத்தைப் போட்டார்கள். அந்தக் கறியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் சில நாளில் நின்று போயிற்று. உப்பு போன்ற யூரிக் அமிலம் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையாகப் படிந்து கழுகு செத்தது. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே ஒரு இனம் அழியப் போதும் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள்.

2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் செய்வதை அரசு நிறுத்தியது. அப்புறம் நடந்ததுதான் நம் பேச்சுக்கு வேண்டியது. கால்நடை மருந்து கிடைக்காததால், மனுஷருக்கென்று 30 மில்லி புட்டிகளில் வந்த அதே ஊசி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். ஒரு மனுஷருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி புட்டி மாட்டுக்குத்தான் சௌகரியம். ஆகவே 2015-ல் மனுஷருக்கான டைக்ளோஃபினாக் ஊசியை 3 மில்லிக்கு மேல் அடைக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. மருந்து செய்வோர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை சரியே என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்து கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-லும், நிமிசுலைடு 2024 டிசம்பர் கடைசியிலும் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டன.

நம் தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாறுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழ்கின்றன. மாட்டுக்கு வலி ஊசி தேவைப்பட்டால், மெலாக்சிகாம், டோல்ஃபினாமிக் அமிலம் இரண்டும் கழுகுக்குத் தீங்கில்லாதவை என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். "அந்த ஊசியா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

டாக்டரே மனுஷ மருந்து எழுதித் தருகிறாரே?

நியாயமான கேள்வி. கால்நடை டாக்டர் சில சமயம் மனுஷர் மருந்துக் கடையில் வாங்கச் சொல்லி எழுதித் தருவது உண்மைதான். நாய்க்கு வலிப்பு நோய் வந்தால் பினோபார்பிட்டோன், இதயம் பலவீனமாகி நீர் கோத்தால் ஃபுரூசிமைடு, சர்க்கரை நோய்க்கு இன்சுலின், இவையெல்லாம் மனுஷருக்கும் உள்ள மருந்துகளே.

ஆனால் அவர் நாயை எடை போட்டார், ரத்தம் பார்த்தார், கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்து கொண்டார், கூடவே என்ன மருந்து போகிறது என்று கேட்டார். அப்புறம்தான் அளவு எழுதினார். அந்தக் கணக்கு அந்த ஒரு நாய்க்குத்தான். பக்கத்து வீட்டு நாய்க்கு அதே சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது.

மெலாக்சிகாமையே பாருங்கள். நாயின் மூட்டு வலிக்கு டாக்டர்கள் கொடுக்கிற மருந்து இது. மனுஷருக்கும் இருக்கிறது. பதினைந்து கிலோ நாய்க்குத் தினசரி அளவு சுமார் 1.5 மில்லிகிராம். மனுஷருக்கான மாத்திரை 7.5, 15 மில்லிகிராமில் வருகிறது. "டாக்டர் சொன்ன மருந்துதானே" என்று 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால், பத்து நாள் மருந்து ஒரே நாளில் போய் விடும்.

சர்க்கரை சேர்க்காத சிரப்பு மருந்துகள் சிலவற்றில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்ப்பார்கள். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கோ ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கி மயங்கி விழ வைக்கும். மருந்து சரியாக இருந்தாலும் கூட வந்த இனிப்பு கொல்லலாம்.

அதே மாதிரி, டாக்டர் ஆரம்பித்த மருந்தை நாமாக நிறுத்துவதும் தப்பு. வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் முன்னை விடக் கடுமையாக வலிப்பு வரும். பல நாள் கொடுத்த ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு போகும்போது வலி மாத்திரையும் சேர்ந்தால் குடல் புண்ணாகி விடும்.

நாள்பட்ட நோய்க்கு நாம் என்ன செய்யலாம்?

முதல் காரியம், ஒரு நோட்டுப் போடுங்கள். நோய் என்றைக்கு ஆரம்பித்தது, தீனி, தண்ணீர், சாணம், சிறுநீர், பால் அளவு, எந்தக் கால், காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா, என்ன மருந்து எப்போது கொடுத்தது என்று எழுதி வையுங்கள். நாள்பட்ட நோயில் டாக்டருக்கு இந்த நோட்டு பாதிப் பரிசோதனை.

இரண்டாவது, டாக்டரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். இது என்ன நோய்? மருந்து எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? என்ன குறி கண்டால் நிறுத்திவிட்டு உங்களிடம் வர வேண்டும்? பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும்? செலவு தாங்காது என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த வேறு மருந்து இருந்தால் அவரே மாற்றித் தருவார்.

மூன்றாவது, மருந்தில்லாத வைத்தியத்தை விடாதீர்கள். வயசான நாய்க்குச் சில்லென்ற சிமெண்டுத் தரையில் படுக்கை வேண்டாம். சாக்கை மடித்து மெத்தென்று போடுங்கள். பருத்துப் போன நாயின் எடையைக் குறைத்தாலே மூட்டின் பாரம் குறையும். தினம் கொஞ்ச தூரம் மெதுவாக நடத்துங்கள். மாட்டுக்குக் குளம்பு வளர்ந்திருந்தால் சீவி விடுங்கள். தொழுவத்தில் வைக்கோல் பரப்பி ஈரமில்லாமல் வையுங்கள். நொண்டுகிற எருதை வலி ஊசி போட்டு ஏரில் பூட்டாதீர்கள். வலி தெரியாமல் நடந்தால் மூட்டு முழுக்கப் போய் விடும்.

நான்காவது, மருந்தகம் தூரம் என்றால் தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கால்நடை ஊர்தி வந்து பார்க்கும். கட்டணம் இல்லாத எண்.

தெரியாமல் கொடுத்து விட்டால்

கொடுத்தது கொடுத்து விட்டோம். பயந்து மறைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக் கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். என்ன மருந்து, எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பாராசிட்டமாலுக்கு மாற்று மருந்து உண்டு. சீக்கிரம் போனால் பூனையைக் கூடக் காப்பாற்ற வழி இருக்கிறது. குறி தெரியட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய் விடும். உப்புத் தண்ணீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். உப்பு மிஞ்சினால் அதுவே நாயைக் கொல்லும். பாலோ எண்ணெயோ புகட்டுவதும் வேண்டாம். மயக்கத்தில் இருக்கிற பிராணிக்கு அது மூச்சுக் குழலில் இறங்கி விடும்.

கடைசியாகச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கலாம். அதைத் தாங்குகிற உடம்பு ஒன்றல்ல. பூனைக்குப் பாராசிட்டமால் கூடாது. நாய்க்கு நம் வலி மாத்திரை கூடாது. அசை போடுகிற மாட்டுக்கு நம் கேப்சூல் கூடாது. மருந்து போன பாலை விற்கவும் கூடாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. நாள்பட்ட நோயில் மனுஷ மருந்து தேவைப்பட்டால், தேவை என்று சொல்ல வேண்டியவர் கால்நடை டாக்டர்.

நம் வீட்டு மாத்திரைப் பெட்டியை இன்றைக்கே நாய்க்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் எடுத்து வையுங்கள். 1962 என்ற எண்ணைத் தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதி வையுங்கள். ராத்திரி நேரத்தில் தேட வேண்டி இருக்காது.